பரஸ்தானம் வைத்த பை

குப்புசாமி மாமா எங்கள் வீட்டுக்கு எதிரே, தெருவின் அந்தப் பக்கமாக நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் ஈர வேட்டி. தலையும் மீசையும் மழித்திருந்ததால் சட்டென்று அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. இறந்துபோன தன் அம்மாவின் எலும்பை வைகையில் கரைத்துவிட்டு நேரே இங்கே வந்திருந்தார். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் ஓடியது.

அவருக்குச் சில அடி தள்ளி, அவர் தெருவைச் சேர்ந்த ஒரு அம்மாள் நீல ரெக்ஸின் பை ஒன்றை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தார். மாமாவின் வேட்டி காற்றில் அசைந்தால்கூட அந்த அம்மாள் பையோடு ஓரடி விலகிக்கொண்டார்.

அந்தப் பைக்குள் என் அக்காவின் புடவைகள் இருந்தன. புதிதாக வாங்கிய ஸ்வெட்டர் இருந்தது. அவளுடைய பாஸ்போர்ட்டும், அந்நிய நாட்டில் தங்கி வேலை பார்க்க அவளுக்குக் கிடைத்திருந்த அனுமதியும் இருந்தன. அன்று சாயங்காலம் அவளுக்கு ரயில்.

அப்பா வாசல்படியில் நின்றார். பையை வாங்க அவர் கை நீட்டவில்லை.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் வேலை பார்த்த நாட்களைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதில் போகிற போக்கில் அக்காவின் ஆப்பிரிக்கா வேலையைக் குறிப்பிட்டிருந்தேன். 'உங்கள் அக்கா அப்புறம் போனாரா இல்லையா, சொல்லாமல் விட்டுவிட்டீர்களே' என்று ஒரு வாசகி கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்.

போகவில்லை, அம்மா. எப்படிப் போகாமல் போனாள் என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

சிங்கம் ரோட்டில் நிற்குமாமே

மங்கை அக்கா எனக்கு ஏழெட்டு வயது மூத்தவள். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் எனக்குத் தலை பின்னியது, சோறு போட்டது, அடித்தது எல்லாம் அவள்தான். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். கரும்பலகையில் வட்டம் போட்டால் காம்பஸ் வைத்துப் போட்டதுபோல இருக்கும் என்று அவளிடம் படித்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

அந்தக் காலத்தில் நம் ஊர் டீச்சர்களுக்கு ஆப்பிரிக்காவில் நல்ல கிராக்கி. ஜாம்பியாவிலிருந்து வந்தவர்கள் மெட்ராஸில் இன்டர்வியூ நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பள்ளிக்கூடத்தில் வயிற்றுவலி என்று லீவு போட்டுவிட்டு அக்கா போய் வந்தாள். அவள் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கே ரெண்டு நாள் நிஜமாகவே வயிறு வலித்தது.

வேலை கிடைத்துவிட்டது. ஆனால் வேலை கிடைப்பது வேறு, போக விடுவது வேறு என்று அதற்கப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

முதலில் பாஸ்போர்ட். போட்டோவில் பொட்டுப் பெரிதாக இருக்கிறது என்று ஸ்டுடியோக்காரர் ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமும் சண்டை போட்டார்கள். பிறகு விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். அக்கா ஏதாவது போராட்டத்தில் கலந்துகொண்டாளா என்று கேட்டார். அவள் வீட்டுக்குள்கூட எந்தப் போராட்டமும் நடத்தியதில்லை என்று நான் உள்ளிருந்து குரல் கொடுத்தேன். அப்பா முறைத்தார். போலீஸ்காரர் காபியைக் குடித்துவிட்டு, 'எதுக்குங்க பொம்பளப் புள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்புறீங்க' என்று ஆதங்கப்பட்டுவிட்டுப் போனார்.

அப்புறம் மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி. அதைப் போட்டுக்கொள்ள மெட்ராஸுக்குத்தான் போக வேண்டும். ஊருக்குத் திரும்பியதும் காய்ச்சலில் படுத்துவிட்டாள். எந்தக் காய்ச்சலைத் தடுக்க எந்தக் காய்ச்சலில் படுத்திருக்கிறாள் என்று அப்பா பதறிப் போனார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒர்க் பெர்மிட் என்ற ஒன்று இருந்தது. இந்த ஊர்ப் பெண் அந்த ஊரில் வந்து இன்ன பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கலாம், இத்தனை காலம் தங்கலாம் என்று அந்த அரசாங்கமே எழுதிக் கொடுக்க வேண்டும். அது வரவே இல்லை. தபால்காரரைப் பார்த்தாலே அக்கா வகுப்பை விட்டு ஜன்னல் பக்கம் வந்துவிடுகிறாள் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் புகார் சொல்கிற அளவுக்குப் போயிற்று.

தெருவில் இதற்குள் ஆளாளுக்கு ஒன்று சொல்லிவிட்டார்கள். அங்கே சிங்கம் ரோட்டில் நிற்குமாம், பால் கிடைக்காதாம், போனவர்கள் அங்கேயே யாரையாவது கட்டிக்கொண்டு தங்கிவிடுவார்களாம். கடைசியாகச் சொன்னதை மட்டும் அப்பா திரும்பத் திரும்ப என்னிடம் கேட்டார். அப்படியா, அப்படி நடக்குமா என்று. எனக்கு எப்படித் தெரியும்? நான் பக்கத்து ஊர் பரவையைத் தாண்டி அந்தப் பக்கம் போனதில்லை.

ஒரு நாள் பெர்மிட் வந்தது. பாஸ்போர்ட்டில் விசா முத்திரையும் விழுந்தது. அக்கா அதை விரித்து வைத்துக்கொண்டு, தனக்குள் சிரித்தபடி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். குழம்பு அடிப்பிடித்த வாசனை தெரு வரைக்கும் வந்தது. அவளுக்குத் தெரியவில்லை. அவள் அப்படிச் சிரித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அதற்குப் பின்னாலும் பார்க்கவில்லை.

அப்பாவின் பஞ்சாங்கம்

அப்பா தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கார் உத்தரவுக்கு அடுத்தபடியாக அவர் மதித்தது பஞ்சாங்கத்தை. சில விஷயங்களில் அதற்கு அடுத்தபடியாகத்தான் சர்க்கார் என்றும் சொல்லலாம்.

வெளியே கிளம்புகிறவர்களை எங்கே போகிறாய் என்று கேட்டால் அவருக்குப் பிடிக்காது. படியிறங்கியவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடுவது அதைவிடப் பெரிய குற்றம். நான் பரீட்சைக்குப் பேனாவை மறந்து வைத்துவிட்டுப் போனபோதுகூட, கூப்பிடாமல் பேனாவோடு சந்து வழியாகச் சுற்றி ஓடி என் எதிரே வந்து நின்று கொடுத்தார். மூச்சு வாங்கியது. அப்படிப்பட்ட மனிதர்.

அவருடைய ஆயுதங்களில் முக்கியமானது பரஸ்தானம். இந்தத் தலைமுறைக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். பயணம் போக வேண்டிய நாள் சரியாக இல்லை, தள்ளிப்போடவும் முடியாது. அப்போது அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணத்துக்குக் கொண்டுபோகிற சாமானில் ஒன்றை வேறு ஒருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அந்த நேரத்திலேயே பயணம் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு ஆள் என்றைக்குக் கிளம்பினாலும், போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போகலாம். வைத்ததைத் திரும்ப வீட்டுக்குள் மட்டும் கொண்டுவரக் கூடாது.

பேரையூருக்கு மாற்றல் வந்தபோது அப்பா தன் குடையைப் பக்கத்து வீட்டில் பரஸ்தானம் வைத்தார். கிளம்புகிற அன்று அதை எடுக்க மறந்துவிட்டார். மழையே எட்டிப் பார்க்காத பேரையூரில் அன்றைக்கென்று கொட்டித் தீர்த்தது. நனைந்துகொண்டே போய் வேலையில் சேர்ந்ததை அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அக்காவின் ரயில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம். மெட்ராஸ் போய், அங்கிருந்து பம்பாய் போய், விமானம் ஏற வேண்டும். செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம். அதற்குக்கூடப் பால் குடித்துவிட்டுப் போனால் போதும் என்று விட்டிருப்பார். அன்றைக்கு அக்காவின் ராசிக்குச் சந்திராஷ்டமமும் சேர்ந்துகொண்டது. ஆகவே வெள்ளிக்கிழமை காலையில் பரஸ்தானம் என்று முடிவாயிற்று.

பூஜை அறையில்

எங்கள் வீட்டுக்கு வடக்கே, மகாலுக்குப் பின்னால் குப்புசாமி மாமா வீடு. சுங்குடிச் சேலை வியாபாரம். சௌராஷ்டிரர். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, படியிறங்கினால் எங்களைவிட அசலான மதுரைத் தமிழ். உறவில்லாவிட்டாலும் எங்களுக்கு அவர் மாமா, அவருக்கு எங்கள் அப்பா அண்ணன். அவருடைய மகள் பூர்ணிக்கு அக்காதான் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். பரஸ்தானம் எங்கே வைப்பது என்று யோசிக்கவே இல்லை.

வழக்கமாக ஒரு துணியோ செம்போ வைத்தால் போதும். அப்பா பாஸ்போர்ட்டையும் பெர்மிட்டையும் தன் கையாலேயே பைக்குள் வைத்தார். 'அவ பயணமே இந்த அனுமதிலதான இருக்கு. அது முதல்ல கிளம்பட்டும்' என்றார். அக்கா தயங்கினாள். பிறகு சரி என்றாள். அப்பா சொன்னால் சரி என்பது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி.

மாமா பையைத் தன் பூஜை அறையில் வைத்துக்கொண்டார். அவருடைய அம்மா, கட்டிலில் கிடந்த பாட்டியம்மாள், அக்காவை அருகே கூப்பிட்டுத் தலையைத் தடவினார். சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னார். போய்விட்டு வந்து எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் சொல்லிக்கொடு என்கிறார் என்று மாமா சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தப் பாட்டியம்மாள் இறந்துபோனார்.

செய்தி வந்ததும் அவருக்காக வருத்தப்படுவதா, பைக்காகப் பயப்படுவதா என்று எனக்கே புரியவில்லை. சாவு வீட்டில் கிடக்கிற பையிலிருந்து எப்படிப் பயணம் கிளம்புவது? அப்பா பஞ்சாங்கத்தை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். நான் போய் எடுத்து வருகிறேன் என்று கிளம்பியதற்கு, வாயை மூடிக்கொண்டு உட்கார் என்றார். அக்கா பெட்டியில் அடுக்கியதையே திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள்.

எதிர் வீடு

செவ்வாய்க்கிழமை காலையில் மாமா வந்து தெருவில் நின்றதைத்தான் முதலில் சொன்னேன்.

தீட்டு என்பதால் அவர் எங்கள் பக்கம் வரவில்லை. அங்கிருந்தே பேசினார்.

"அண்ணே, பையில தீட்டுப் படல. எங்கம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்ச ஒடனே எடுத்துட்டுப் போயி எதுத்த வீட்டுல குடுத்துட்டேன். அவுக வீட்டுச் சாமி ரூம்லதான் இம்புட்டு நேரமும் இருந்துச்சு. அதுக்கப்புறம் நான் தொடக்கூட இல்ல. இந்தா, அவுகதான் கொண்டாந்திருக்காக. புள்ளைய அனுப்பி வைங்கண்ணே."

அந்த அம்மாள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். பெற்ற தாய்க்கு மூச்சு இழுக்கிறது. வாயில் பால் ஊற்ற வேண்டிய நேரத்தில், அடுத்த வீட்டுப் பெண்ணின் பை கெட்டுப்போய்விடக் கூடாது என்று அதைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து ஓடியிருக்கிறார் இந்த மனிதர். அவருக்கு நான் என்ன செய்தாலும் போதாது என்று தோன்றியது. அக்கா பயணப் புடவை கட்டித் தலைவாரி நிலைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் கண் முழுதும் அந்தப் பையின் மேல் இருந்தது.

அப்பா தொண்டையைச் செருமினார்.

"நீ செஞ்சது பெரிய காரியம் குப்புசாமி. ஆனா ஒன் வீட்டுல வச்சது ஒன் வீட்டுல இருந்துதான் கெளம்பணும். எடம் மாறிட்டா அது பரஸ்தானமே இல்ல."

அதாவது, அங்கேயே இருந்திருந்தால் தீட்டு. எடுத்து வைத்ததால் பரஸ்தானம் முறிந்தது. எந்தப் பக்கம் போனாலும் வழி அடைத்திருந்தது. இந்தச் சட்டம் எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

ரயில் சாயங்காலம் என்று நான் சொன்னேன். அது எனக்கும் தெரியும் என்றார். அடுத்த வாரம் நல்ல நாள் பார்த்துப் புதிதாகப் பரஸ்தானம் வைத்து அனுப்பலாம், ஒரு வாரத்தில் ஜாம்பியா எங்கேயும் ஓடிப்போகாது என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. பையை நானே வாங்கப் படியிறங்கினேன். அக்கா என் முழங்கையைப் பிடித்துவிட்டாள்.

"நீ போகாத. அப்பா சொல்லட்டும்."

அப்பா சொல்லவில்லை.

மாமாவின் ஈர வேட்டி காலோடு ஒட்டிக் காய ஆரம்பித்திருந்தது. "அப்ப எங்க வீட்டாலதான் புள்ள போக முடியாமப் போச்சாண்ணே" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். அந்த அம்மாளும் பையோடு பின்னாலேயே போனார்.

ட்ரங்க் கால்

மறுநாள் எக்ஸ்சேஞ்சிலிருந்து பம்பாய்க்கு நானே ட்ரங்க் கால் போட்டேன். லைனில் ஒரே இரைச்சல். டிக்கெட் கொடுத்த கம்பெனிக்காரர் நல்லவராகத்தான் பேசினார். டிக்கெட்டை மாற்றித் தரலாம், ஆனால் அந்த ஊருக்கு வாரத்தில் ஒரே விமானம். பெர்மிட்டில் போட்ட தேதிக்குள் அந்த நாட்டில் போய் இறங்கியாக வேண்டும். அடுத்த விமானம் போவதற்குள் தேதி தாண்டிவிடும் என்றார். பெர்மிட்டில் தேதி இருப்பதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டார். அப்பா பார்த்தாரா, பார்க்கவில்லையா? தாலுகா ஆபீஸில் காலமெல்லாம் தேதி பார்த்தே பிழைத்தவர் அவர். வீட்டுக்கு வந்து நான் அதை அவரிடம் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றவில்லை.

தந்தி கொடுத்தோம். மறுபடி பெர்மிட் கேட்டு அக்கா எழுதினாள். பல மாதம் கழித்து, அந்த இடத்துக்கு வேறு டீச்சர் வந்துவிட்டார், மன்னிக்கவும் என்று பதில் வந்தது. அக்கா அதைப் படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போனாள். அன்றைக்கு மாதப் பரீட்சை.

நீல ரெக்ஸின் பை பிற்பாடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. விடைத்தாள் கொண்டுபோக அக்கா அதைத்தான் எடுத்துக்கொண்டு போவாள். தூக்கிப் போடேன் என்று நான் சொன்னேன். ஜிப்பு நன்றாக இருக்கிறதே என்றாள்.

குப்புசாமி மாமா எங்கள் வீட்டுக்கு வருவதை விட்டுவிட்டார். தெருவில் அக்காவைப் பார்த்தால் அடுத்த சந்தில் திரும்பிவிடுவார். ஒரு நாள் மார்க்கெட்டில் என்னிடம் மட்டும் மாட்டிக்கொண்டார். "எங்கம்மா ஒரு ரெண்டு நா பொறுத்திருக்கலாம்த்தா" என்றார். பெற்றவளைப் பற்றி ஒரு மகன் இப்படிச் சொல்ல வேண்டி வந்ததே என்று எனக்கு அப்பா மேல் வந்த கோபம் அடங்க ரொம்ப நாள் ஆயிற்று.

பூர்ணிக்கு விசா

வருஷங்கள் போயின. எனக்குக் கல்யாணமாகிப் பரவைக்குப் போய்விட்டேன். அக்காவுக்குக் கல்யாணம் அமையவில்லை. அமையவில்லை என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். அப்பாவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. பஞ்சாங்கத்தை அக்காதான் வாசித்துச் சொல்லுவாள்.

நான் ஊருக்கு வந்திருந்த ஒரு காலையில் வாசலில் குப்புசாமி மாமா. அவருக்கும் நரைத்துவிட்டது. உள்ளே வந்து உட்காரவில்லை. பூர்ணிக்குக் குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் வேலை கிடைத்து, விசாவும் வந்துவிட்டது என்றார். கிளம்புகிற நாள் சரியில்லை, பரஸ்தானம் வைக்க வேண்டும் என்றார். அப்புறம் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டே, அதை இந்த வீட்டில் வைக்கலாமா என்று கேட்டார்.

அப்பா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அக்காதான் பதில் சொன்னாள்.

"பைய வைங்க மாமா. பாஸ்போர்ட்ட மட்டும் அவ கையிலயே குடுத்துருங்க."

மாமா தலையைக் குனிந்துகொண்டு சரி சரி என்றார். துண்டால் முகத்தைத் துடைத்தார். அவர் அழுதாரா என்று நான் பார்க்கவில்லை, நான் அழுதுகொண்டிருந்தேன்.

பூர்ணியின் பை எங்கள் பூஜை அறையில் இருந்தது. அக்கா அதைச் சுற்றிப் பெருக்கினாள், விளக்கேற்றினாள், ஒரு தடவை சும்மா தூக்கிக் கனம் பார்த்துவிட்டு வைத்தாள். இம்புட்டுக் கனமா தூக்கிட்டுப் போகப்போறா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கிளம்புகிற அன்று மாமாவும் பூர்ணியும் ஆட்டோவில் வந்தார்கள். பூர்ணி அக்காவின் காலில் விழுந்தாள். அக்கா அவளைத் தூக்கி, பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டாள். பூர்ணி கைப்பையைத் திறந்து காட்டினாள். திற, முத்திரையைப் பார்க்கிறேன் என்றாள் அக்கா. பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள். ஸ்டேஷன் வரைக்கும் நானும் வாரேன் என்று பையைத் தானே தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

அவள் ஆட்டோவில் கால் வைக்கும்போது அப்பா கூப்பிட்டார்.

"மங்கை."

நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். கிளம்பியவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடுவது அப்பாவா? அவர் நாற்காலியை விட்டு எழுந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு, தெருவில் எது அக்கா என்று தெரியாமல் பொதுவாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குச் சூலம், பரஸ்தானம்னு சொன்னதெல்லாம் சாக்கும்மா. நீ போயிட்டா திரும்பி வரமாட்டேன்னு பயந்துட்டேன்."

ஆட்டோக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டார். மாமா எங்கோ பார்த்தார். அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஆச்சரியம்கூட இல்லை. எப்போதிலிருந்து அவளுக்கு இது தெரியும் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

"ரயிலுக்கு நேரமாச்சுப்பா" என்றாள். "வந்து பேசிக்கிருவோம்."

ஆட்டோ போய்விட்டது. அவள் திரும்பி வரும்வரை அப்பா நிலையை விட்டு நகரவில்லை. நான் எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை.

அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றினாள். "பூர்ணிக்கு ஜன்னலோர சீட்டு கெடச்சிருச்சுப்பா" என்றாள்.

"நல்லது" என்றார் அப்பா.

அவள் உலை வைக்க உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் அப்பா இருந்த காலம் வரைக்கும் அவர்கள் ரெண்டு பேரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. பேசியிருக்கலாம்.